உடன் சென்றவர்

ஓட்டல் பணியாளர் மூன்றாவது முறையாகக் கார்டைச் செருகினார். மூன்றாவது முறையும் அந்தச் சின்ன இயந்திரம் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுத்தது. “தேதி முடிஞ்சிருக்கு போலிருக்கு மேடம்,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்து மேசையைச் சுற்றி இருந்த பத்துப் பேரில் ஒருவர் வாயிலும் பேச்சில்லை.

அவள் கார்டை வாங்கிப் பார்த்தாள். போன மாதத்தோடு முடிந்திருந்தது. புதுக் கார்டு வந்த உறை வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே, மின்சார பில்லுக்கு அடியில், பிரிக்காமலே கிடக்கிறது. நாளைக்குப் பிரிக்கலாம், நாளைக்குப் பிரிக்கலாம் என்று மூன்று வாரமாகக் கிடக்கிறது. அலுவலகத்தில் பதினான்கு மெக்கானிக்குகளின் கார்டு எந்தெந்த மாதத்தில் முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள்.

கணவர் சட்டைப் பையைத் தடவினார், பிறகு கால்சட்டைப் பையை. அவருடைய பர்ஸ் காரில் இருந்தது. கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. அதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தி, இன்னும் முழுச் சம்பந்தி ஆகவில்லை, இந்தச் சாப்பாட்டோடு ஆகவேண்டியவர், தன் பர்ஸை வெளியே எடுத்துவிட்டார். “யார் குடுத்தா என்னங்க,” என்றார். நல்ல மனுஷர்தான். அவர் மனைவிதான் கைத்துண்டை நாலாக மடித்துக்கொண்டே உதட்டுக்குள் லேசாகச் சிரித்தாள். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. அந்த அம்மாளிடம் தொலைபேசியில் இரண்டு தடவை, “எங்க செலவு, நீங்க வந்தா மட்டும் போதும்,” என்று அழுத்திச் சொன்னவள் அவள். மகள் தலையைக் குனிந்து வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

கைப்பையில் இன்னொரு கார்டு இருந்தது. நீல நிறம். அலுவலகத்துடையது.

எடுத்துக் கொடுத்துவிட்டாள். யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கை போனது, கார்டு வந்தது. இயந்திரம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்த நொடி கைப்பைக்குள்ளிருந்து அவளுடைய போன் டிங் என்றது. அலுவலகக் கார்டு எதை யார் எங்கே தேய்த்தாலும் உடனே அவளுக்குத் தகவல் வரவேண்டும் என்று வங்கிக்கு எழுதிப்போட்டு ஏற்பாடு செய்திருந்தது அவளேதான்.

*

ஆஸ்பத்திரிகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் ஏசி பராமரிக்கிற நிறுவனம் அது. பதினான்கு மெக்கானிக்குகள் வேனில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். வழியில் பெட்ரோல் போட வேண்டும், செப்புக் குழாய் வாங்க வேண்டும், நட்ட நடு வேலையில் ஒரு பெல்ட் அறுந்தால் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டும். அதற்காக ஆளுக்கொரு கார்டு. அந்தக் கார்டுகளின் வரவு செலவைப் பார்ப்பது பன்னிரண்டு வருடமாக அவளுடைய வேலை. மாதக் கடைசியில் வங்கி அனுப்பும் பட்டியலை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு எஃகு ஸ்கேலை வைத்து, பில்லோடு ஒப்பிட்டு, அடுத்த வரிக்கு நகர்த்துவாள். அதனால் அவளுக்கு ‘ஸ்கேல் மேடம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் நாளடைவில் முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

விதிகளையும் அவள்தான் எழுதினாள். அன்றன்றைக்கே பில்லைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ரகசிய எண்ணைக் கட்டிய மனைவிக்கும் சொல்லக் கூடாது. வாடிக்கையாளருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால், கூட நம் ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும்; அவர் பெயரை ‘உடன் சென்றவர்’ என்ற கட்டத்தில் எழுத வேண்டும். புதிதாகக் கார்டு வாங்க வருகிறவனை எதிரே உட்காரவைத்து, “கார்டுல உங்க பேர் இருக்கும். அதுக்காக அது உங்களோடதுன்னு மட்டும் நெனச்சிடாதீங்க,” என்று ஆரம்பிப்பாள். தவறிப்போய்ச் சொந்தச் செலவுக்குத் தேய்த்துவிட்டால் அதற்கு ஒரு படிவம். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியட்டும் என்று ரோஸ் நிறத் தாளில் அச்சடித்திருந்தாள். அதை முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, பணத்தைக் கட்டி, மாதக் கூட்டத்தில் பெயரோடு வாசிக்க வேண்டும். வாசிப்பவள் அவள். இத்தனை வருடத்தில் மூன்றே மூன்று தடவை வாசித்திருக்கிறாள். தன் மோட்டார் சைக்கிளுக்கு பேட்டரி வாங்கிய ஒருவன் கூட்டத்தில் எழுந்து, “நாளைக்குக் கட்டிடலாம்னு இருந்தேன் மேடம்,” என்றான். “நாளைக்குங்கறதுக்கு எந்தக் கடையிலயும் பில் குடுக்கறதில்லையே,” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாக்கியம் அலுவலகத்தில் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பணத்தை எடுத்து ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் அலுவலகம் போனாள். படிவக் கட்டையும் எடுத்து வைத்தாள். பேனா மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ‘செலவின் விவரம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? மகளைப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் கார்டு வேலை செய்யவில்லை என்றா? அதைப் பதினான்கு ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் எழுந்து நின்று தன் குரலில் தானே வாசிக்கவா? பேட்டரிக்காரன் என்ன செய்வான்? சிரிக்கக்கூட மாட்டான். ஜன்னலைப் பார்ப்பான். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பேனா மூடியைப் போட்டாள். பணத்தை உறையோடு மேசை இழுப்பறையின் அடியில் தள்ளினாள். பதிவேட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக எழுதினாள்: வாடிக்கையாளர் விருந்து, ஆஸ்பத்திரி நிர்வாகத்தினர், பத்துப் பேர். உடன் சென்றவர் என்ற கட்டம் வந்தபோது பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. ‘ஃப்ரீசர்’ என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கின் பெயரை எழுதினாள்.

அது அவருடைய வேலைக்காகவோ உடம்புக்காகவோ வந்த பெயர் இல்லை. முப்பது வருட சர்வீஸில் ஒருவரும் அவர் சூடாகிப் பார்த்ததில்லை என்பதற்காகச் சின்னப் பையன்கள் வைத்த பெயர். வயது ஐம்பத்தாறு. அந்த ஆஸ்பத்திரி அவர் பொறுப்பில் இருந்தது. பில்லை அன்றன்றே அனுப்புவார்; எண்ணெய்க் கறை படாமல் பில்லின் ஓரத்தைப் பிடித்துப் படம் எடுப்பார். பன்னிரண்டு வருடத்தில் அவரை ஒரு தடவைகூட அவள் திருப்பி அனுப்பியதில்லை.

அவளுடைய கார்டுப் பட்டியலை மட்டும் முதலாளி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். பார்க்கவில்லை. உறை இழுப்பறையிலேயே இருந்தது. முதல் வாரம் தினம் அதைத் தொட்டுப் பார்த்தாள். படிவம் இல்லாமல் அந்தப் பணத்தை எந்தக் கணக்கிலும் ஏற்ற முடியாது. அந்த ஓட்டையையும் அவள்தான் அடைத்திருந்தாள். இரண்டாம் மாதம் அதன்மேல் வேறு காகிதங்கள் விழுந்தன. மகளின் திருமணம் நிச்சயமானது. சம்பந்தியம்மாள் போனில் தங்கமாகப் பேசினாள்; அன்றைக்குச் சிரித்ததே இல்லையோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருந்தது.

*

மூன்று மாதம் கழித்து வெளியிலிருந்து ஆடிட்டர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஒரு பெண். முதல் நாளே பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல மேடம்,” என்றாள். பிறகு வழக்கப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகளைப் பொறுக்கி எடுத்தாள். அதில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. வேன் சாவியை வைக்க வந்த ஃப்ரீசரை நிறுத்தி, இந்த விருந்துக்கு நீங்கள் போயிருந்தீர்களா என்று கேட்டாள். அவள் தன் மேசையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேல் கையில் இருந்தது. ஃப்ரீசர் குனிந்து பதிவேட்டைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் கண்களைப் பட்டியலுக்கு இறக்கினாள்.

“ஆமாங்க,” என்றார் ஃப்ரீசர். “போயிருந்தேன்.”

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலத்தான் இருந்தது. அதை நினைத்துப் பின்னால் அவள் வெட்கப்பட்டது கொஞ்சநஞ்சமில்லை. ஃப்ரீசர் எதையோ புரிந்துகொண்டு காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தாள். நல்ல மனிதர், மகள் திருமணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் என்றெல்லாம் நினைத்தாள்.

மறுநாள் மதியம் முதலாளி இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஆடிட்டர் தேடி எடுத்துக் கொடுத்த ஒரு சீட்டு இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் அவசர வேலை என்று ஃப்ரீசர் எழுதி ஓவர்டைம் வாங்கிய சீட்டு. அவளுக்கு அது தெரியாது. ஓவர்டைம் வேறு மேசை.

“ஒரே ஆள் ஒரே நேரத்துல மாடியிலயும் இருந்திருக்கான், ஓட்டல்லயும் இருந்திருக்கான்,” என்றார் முதலாளி. ஒரே ஒரு கருவிப் பெட்டியோடு இந்தத் தொழிலை ஆரம்பித்தவர். குரலை உயர்த்தமாட்டார். “எது பொய்?”

ஃப்ரீசர் சீட்டைக் கையில் எடுத்தார். கையெழுத்து அவருடையதுதான். பதிவேட்டைப் பார்த்தார். அவர் நெற்றியில், புருவத்துக்கு மேலே, வியர்வை அரும்பியதை அவள் முதல் முறையாகப் பார்த்தாள்.

“சீட்டுதான் தப்பா இருக்கணும் சார்,” என்றார் கடைசியில். “நான்தான் ஏதோ மாத்தி எழுதியிருப்பேன். அந்தப் பணத்தைக் கட்டிடறேன்.”

“இது ஒரு சீட்டு. மத்த சீட்டெல்லாம்?”

ஃப்ரீசர் சீட்டைத் திரும்ப மேசையில் வைத்தார். முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “கஸ்டமரைப் போய், எங்க சாப்பாட்டைச் சாப்பிட்டீங்களான்னு கேக்க முடியாது. நீங்க எழுதினதுல தப்பு இருக்காது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொல்லியிருக்கலாம். “ரெஜிஸ்டரை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன் சார்,” என்று அவள் சொன்னது அவளுக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. ஃப்ரீசரின் ஒரு வருடத்து ஓவர்டைம் சீட்டுகளையும் தோண்டிப் பார்க்க முடிவானது. அதுவரை அவர் வேன் எடுக்க வேண்டாம், ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டாம், பட்டறையிலேயே இருக்கட்டும் என்றார் முதலாளி. ஃப்ரீசர் தன் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். அதையும் கறை படாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் வைத்தார்.

*

அடுத்த இரண்டு நாளும் அவள் பட்டறைப் பக்கம் போகவில்லை. கழிவறைக்குப் போக அந்த வழிதான் கிட்டம்; படியேறி மாடிக் கழிவறைக்குப் போனாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். வீட்டில் கணவர், “என்ன ஆச்சு? கல்யாண அலைச்சல்,” என்று அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். எப்படியாவது தன்னைக் குறிப்பிடாமல் ஃப்ரீசரை விடுவிக்க ஒரு வழி இருக்குமா என்று மனம் அலைந்தது. தேதி மாறிவிட்டது என்று சொல்லலாம். வேறொருவர் பெயர் என்று சொல்லலாம். ஆனால் வேறு யார் பெயர்? எந்தப் பெயரைப் போட்டாலும் அது நடமாடும் ஒரு ஆள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஃப்ரீசரே வந்து அவள் மேசைக்கு முன்னால் நின்றார். அறையில் வேறு யாரும் இல்லை. ஏசி வடிகட்டி கழுவிய ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தாள். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

“ஒரு சந்தேகம் மேடம்.”

“உக்காருங்கண்ணா.”

உட்காரவில்லை. “அந்த ஓட்டலுக்கு நான் வந்தப்ப எப்படி இருந்தேன்? நல்லாத்தானே பேசிட்டிருந்தேன்?”

அவளுக்குப் புரியவில்லை.

“எனக்கு அது சுத்தமா ஞாபகத்துல இல்ல மேடம். மாடியில வேலை பாத்தது நல்லா ஞாபகம் இருக்கு. மின்விசிறியோட தகடு சூட்டுல கையைச் சுட்டுது, தழும்புகூட இருக்கு. ஆனா நீங்க எழுதியிருக்கீங்க. நீங்க எழுதினா அது நடந்திருக்கும். அப்போ இந்தத் தழும்பு வேற என்னிக்கோ பட்டதா இருக்கணும்.” முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். “எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஐம்பத்தெட்டு வயசு. நடக்காததை நடந்துதுன்னு சொல்லுவான், நடந்ததை இல்லைம்பான். ஒருநாள் கடைக்குப் போனவனுக்குத் திரும்பி வர வீடு தெரியல. கடைசியில சொந்தப் பிள்ளைங்களையே ‘நீங்க யாருங்க’ன்னு மரியாதையா கேட்டான். எனக்கும் ரெண்டு வருஷமா ஸ்பேனரை வெச்ச இடம் மறந்துபோகுது. வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். ரெண்டு நாளா அவ தூங்கல. டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கார். நாளைக்குப் போறோம்.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“அதுக்கு முன்னால ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கலாமேன்னுதான் வந்தேன்,” என்றார் அவர். “அந்த ஓட்டல் எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லுங்க மேடம். உள்ள நுழைஞ்சா இடது பக்கம் என்ன இருக்கும்? நீங்க சொல்லச் சொல்ல எனக்கு ஏதாவது வருதான்னு பாக்கறேன்.”

கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

எப்படித்தான் அந்த வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வந்தனவோ. “மீன் தொட்டி,” என்றாள். “இடது பக்கம் ஒரு பெரிய மீன் தொட்டி இருக்கும்.”

“மீன் தொட்டி,” என்றார் அவர். மூடிய இமைகளுக்குள் கண்மணி இப்படியும் அப்படியும் ஓடியது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மறந்துபோன பாடத்தைத் தேடுவது போல முகம் சுருங்கியது. “மீன் தொட்டி... ஆமா, ஏதோ இருந்த மாதிரி... ஆரஞ்சு கலர் மீனா மேடம்? நாலஞ்சு? ஓரத்துல ஒரு மேசையில என்னை உக்காரச் சொன்னாங்க இல்ல?”

“அண்ணா,” என்றாள். “போதும்ணா. கண்ணைத் திறங்க.”

திறந்தார்.

“நீங்க அங்க வரவே இல்ல.”

அவர் அவளையே பார்த்தார்.

“அது என் பொண்ணைப் பாக்க வந்தவங்களுக்குக் குடுத்த சாப்பாடு. என் கார்டு வேலை செய்யல. ஆபீஸ் கார்டைக் குடுத்துட்டேன். மறைக்கறதுக்காக உங்க பேரை எழுதினேன். நீங்க மாடியிலதான் இருந்திருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. உங்க ஞாபகம் எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

ஃப்ரீசர் பக்கத்து நாற்காலியைக் கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், தோள் இரண்டும் குலுங்க. “அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றார். “நான் மாடியிலதான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் இல்ல.” கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்து, அடியில் இருந்த முகம் வெளியே வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

“மூணு நாள்,” என்றார். “என் வீட்டுக்காரி என்னை அடுப்புப் பக்கம் விடல. பேத்தியைக் கைபிடிச்சு ரோட்டுல கூட்டிட்டுப் போக என் பையன் என்னை விடல. இதே கட்டடத்துலதான் இருந்தீங்க.”

மேடம் என்ற சொல் அதில் இல்லை. எழுந்து, துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டறைக்குப் போய்விட்டார்.

*

அன்றே முதலாளியிடம் போனாள். ரோஸ் படிவத்தை நிரப்பி, உறையை அதன்மேல் வைத்து, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

“பேர் மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க,” என்றார் தணிந்த குரலில். “அவனுக்கு நான் சொல்லிக்கறேன். ஆடிட்டருக்கும் சொல்லிக்கறேன். இது வெளிய போக வேண்டாம். கல்யாணம் வெச்சிருக்கீங்க.”

இது அவள் எதிர்பார்க்காதது. திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு இந்தக் கருணை செவிட்டில் அறைந்தது போல இருந்தது. இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் பேட்டரிக்காரனுக்கு இப்படி ஒரு வழி சொல்ல முனைந்ததும், வாசலில் நின்றுகொண்டு, “ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் சார்,” என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

“வேண்டாம் சார். நான் வாசிக்கறேன்.”

முதலாளி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. “உங்களைக் காட்டித்தானே நான் இத்தனை பேரையும் மிரட்டிட்டிருந்தேன்,” என்றார். “சரி. கார்டை வெச்சிட்டுப் போங்க.”

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வாசித்தாள். எழுந்து நின்று, தேதி, தொகை, செலவின் விவரம், பதிவேட்டில் பொய்யாக எழுதப்பட்ட பெயர் என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். குரல் எங்கும் உடையவில்லை. அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பேட்டரிக்காரன் ஜன்னலைப் பார்ப்பான் என்று நினைத்திருந்தாள். அவன் எழுந்து போய் அவளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்தான், அவள் கையில் தாள் படபடத்ததால். ஃப்ரீசர் ஸ்கேன் எடுக்கப் போகவில்லை என்றும், காலையிலேயே வேன் சாவியைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் யாரோ சொன்னார்கள்.

கார்டு வேலை அவளிடமிருந்து எடுக்கப்பட்டு ஓவர்டைம் மேசைக்குப் போனது. அவளுக்கு ஸ்டோர் ரூம் கணக்கு. வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர், “இதுக்குப் போயா,” என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மகளிடம் சொன்னபோது அவள், “அன்னிக்கு நான் தலையைத் தூக்கி, பரவால்ல, அவங்களே குடுக்கட்டும்னு சொல்லியிருக்கலாம்மா,” என்றாள். அது இன்னொரு பாரமாக வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்டோர் ரூம் வாசலில் ஃப்ரீசர் வந்து நின்றார். பெல்ட் வாங்க வந்தவர். கையெழுத்துப் போட்டுவிட்டும் போகவில்லை.

“என் வீட்டுக்காரி நம்பமாட்டேங்கறா,” என்றார் பெல்ட்டைப் பார்த்தபடி. “அந்த மேடம் அப்படிப் பண்ணக்கூடியவங்க இல்ல, நீங்க எதையோ கனவு கண்டுட்டு வந்து சொல்றீங்கங்கறா. பன்னிரண்டு வருஷமா வீட்டுல உங்களைப் பத்தி நான் சொன்னது அப்படி. நீங்களே வந்து சொன்னாத்தான் ஆகும்.”

“இன்னிக்கே வரேன்.”

*

மாலை ஐந்தரை மணிக்குப் போனாள். மாடி வீடு. கதவைத் திறந்த ஃப்ரீசரின் மனைவி, வந்தது யார் என்று தெரிந்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “வாங்க மேடம், உள்ள வாங்க,” என்று பரபரத்தாள். அந்த மரியாதையைத் தாங்கிக்கொண்டு உள்ளே போவது கூட்டத்தில் வாசித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஃப்ரீசர் சுவரோரமாக நின்றுகொண்டார்.

வீடு முழுக்கச் சின்னச் சின்னக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. பழைய காலண்டர் தாளை நறுக்கி, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவை. வாசல் கதவின் உள்பக்கம்: சாவி, போன், கண்ணாடி. விளக்கு சுவிட்சுக்கு மேல்: அணைக்கணும். அலமாரியில்: மாத்திரை இங்கே. குளியலறைக் கதவில்: குழாயை மூடு. பேத்தியின் புகைப்படத்துக்குக் கீழே அந்தக் குழந்தையின் பெயர்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “உங்க வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை,” என்றாள். “அன்னிக்கு அவர் ஓட்டலுக்கு வரல. என் தப்பை மறைக்க நான் அவர் பேரை எழுதினேன். அவருக்கு எந்த மறதியும் இல்ல.”

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கையில் காய்ந்த துணி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு பாதியில் நின்றிருந்தது. அழவில்லை, திட்டவில்லை. கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பது போல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அங்க பதினாலு பேர் இருக்காங்களே. ஏன் இவர் பேரு?”

ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஃப்ரீசரும் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது போலிருந்தது.

“இவர்னா எதிர்த்து ஒண்ணும் சொல்லமாட்டார்னு,” என்றாள். “அதான்.”

கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் துணியை நாற்காலியில் வைத்தாள். கதவுக்குப் போய், சாவி, போன், கண்ணாடி என்ற காகிதத்தை ஓரத்தில் நகத்தால் நெம்பி உரித்தாள். பிறகு சுவிட்சுக்கு மேலே இருந்ததை. அது சுண்ணாம்பையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்தது. அலமாரியில் இருந்ததை, குளியலறைக் கதவில் இருந்ததை. புகைப்படத்துக்குக் கீழே இருந்ததை உரிக்கும்போது மட்டும் இரண்டு கையாலும், படம் அசையாமல், மெதுவாக உரித்தாள். வந்தவள் உதவப் போகவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. இரண்டுக்கும் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

கடைசியாகச் சமையலறை. அடுப்புக்கு மேலே, கண்ணுக்கு நேராக, கேஸ் என்று மட்டும் எழுதிய ஒரு காகிதம். கைநிறையக் கசங்கிய தாள்களோடு அந்த அம்மாள் அதன் முன்னால் நின்றாள். கையைத் தூக்கினாள். நகம் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டது. ஒரு முறை திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

பிறகு, ஈரத்தில் லேசாகப் பிரிந்து நின்றிருந்த அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி, மறுபடி ஒட்டிக்கொள்ளும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.